கழிவு நீரும் கழனியும்: கோலார் தரும் பாடம்

பெங்களூரு நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டு நிலத்தின் மீது அமைந்துள்ளது. அதன் அருகே பேராறு எதுவும் இல்லை. பண்டை நாளில் சங்கிலித் தொடராக வெட்டப்பட்ட ஏரிகளே அந்நகரின் தாகத்தைத் தீர்த்து வந்தன. 1896-இல் ஹெசரகட்டாவிலிருந்து குழாய் வழியே நீர் வந்தது. 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் கைகொடுத்தது. 1974 முதல் காவிரி நீர் வரத் தொடங்கியது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்திற்கு, படிப்படியாக மின்விசைப் பம்புகளால் ஏற்றப்பட்டு அந்நீர் நகரை அடைகிறது. நாளொன்றுக்கு 145 கோடி லிட்டராக இருந்த காவிரி நீர் வழங்கலுடன், 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட ஐந்தாம் கட்டத் திட்டம் மேலும் 77.5 கோடி லிட்டரைச் சேர்க்கும் திறன் கொண்டது.

இவ்வளவு பொருளும் மின்சாரமும் செலவிட்டு ஏற்றப்படும் நீர், வீட்டுக்குள் தங்குவது சிறிது நேரமே. குளிக்கவும், துணி துவைக்கவும், பாத்திரம் கழுவவும், கழிப்பறைக்கும் பயன்பட்ட பின்னர் அது கழிவு நீர் என்ற பெயரைப் பெற்றுவிடுகிறது. வழங்கப்படும் நீரில் ஏறத்தாழ 80 சதவீதம் இவ்வாறு வெளியேறும் என்பது பொறியாளர்கள் கொள்ளும் பொதுக் கணக்கு. அப்படியானால், மேட்டின் உச்சிக்கு ஏற்றப்பட்ட ஓர் ஆறு, ஒரு நாள் கூடத் தவறாமல் மறு சரிவில் இறங்கிக்கொண்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அந்த ஆற்றை என்ன செய்வது என்பதே இவ்வுரையின் பொருள்.

மூன்று பள்ளத்தாக்குகள்

பெங்களூரின் கழிவு நீர் பெரும்பாலும் மூன்று பள்ளத்தாக்குகளின் வழியே வெளியேறுகிறது. மேற்கே விருஷபாவதி, அது அர்க்காவதியில் கலந்து, பின்னர் காவிரியைச் சேர்கிறது. தென்கிழக்கே கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கு; அது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தட்சிண பினாகினியை அடைகிறது. வடக்கே ஹெப்பாள் பள்ளத்தாக்கு. அதன் நீரும் இறுதியில் தட்சிண பினாகினியையே சேர்கிறது. தட்சிண பினாகினி என்பது தமிழ்நாட்டில் தென்பெண்ணை எனப் பெயர் பெறும் ஆறு. ஓசூருக்கு அருகில் கெலவரப்பள்ளி அணையிலும், அதன் பின்னர் கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளிலும் தங்கிச் செல்லும் நீரில் பெங்களூரு நகரத்தின் பங்கும் உண்டு. ஆகவே இது ஒரு நகரத்தின் தனிச் சிக்கல் அன்று. இரு மாநிலங்களின் உழவர்களைத் தொடும் சிக்கல் ஆகும்.

கழிவு நீரை வேளாண்மைக்குப் பயன்படுத்துவது புதிய கருத்தும் அன்று. மதுரையில் அவனியாபுரம் கழிவு நீர்ப் பண்ணையில் நெடுங்காலம் தீவனப் புல் வளர்க்கப்பட்டது. கொல்கத்தாவின் கிழக்கே உள்ள சதுப்பு நிலங்களில் நகரக் கழிவு நீரைக் கொண்டே மீனும் காய்கறியும் நெல்லும் விளைவிக்கப்படுகின்றன. ஐதராபாத்தில் மூசி ஆற்றின் கரையில் மாட்டுத் தீவனம் பயிராகிறது. பெங்களூரின் சுற்றுப்புறத்திலும் இவ்வாறே. பிடதிக்கு அருகில் விருஷபாவதியின் குறுக்கே கட்டப்பட்ட பைரமங்கலா நீர்த்தேக்கம் நல்ல நீரைப் பாய்ச்சுவதற்காகவே எழுந்தது. நகரம் வளர வளர அதில் சாக்கடையும் பீன்யா போன்ற தொழிற்பேட்டைகளின் கழிவும் வந்து சேர்ந்தன. நெல் பயிரிட்டு வந்த குடியானவர்கள் தீவனப் புல்லுக்கும், மல்பெரிக்கும், இளஞ்சோளத்திற்கும் மாறினர். யாரும் திட்டமிடாமல், யாரும் சோதிக்காமல், யாரும் பொறுப்பேற்காமல் நடந்த மறுபயன்பாடு அது. நீர் வந்தது, அதனோடு நுரையும் துர்நாற்றமும் தோல் அரிப்பும் வந்தன.

கிழக்குப் பள்ளத்தாக்கின் நிலையும் நாடறிந்ததே. பெல்லந்தூர் ஏரியில் எழுந்த நுரை சாலைகளில் பறந்ததும், 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் அவ்வேரியில் தீப்பற்றியதும் உலகெங்கும் செய்தியாயின. வர்த்தூர்ப் பகுதியில் ஏரி நீரைப் பாய்ச்சி விளைந்த காய்கறிகளில் கன உலோகங்கள் சேர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆகவே, கழிவு நீரைப் பாசனத்திற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பது காலங்கடந்த கேள்வி. அது பயன்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. எந்த நிலையில், யாருடைய பொறுப்பில் பயன்படுத்துவது என்பதே உரிய கேள்வி.

வறண்ட மாவட்டம்

பெங்களூருக்குக் கிழக்கே உள்ளது கோலார் மாவட்டம். பட்டுக்கும் பாலுக்கும் ஒரு காலத்தில் தங்கத்திற்கும் பெயர் பெற்ற மாவட்டம் அது. பாலாறு பிறக்கும் வட்டாரமாயினும், ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் அங்கு இல்லை. மழை நீரைத் தேக்க முன்னோர் வெட்டிய ஏரிகளும் குளங்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒன்று நிரம்பி வழிந்தால் அடுத்தது நிரம்பும் வகையில் அவை அமைந்துள்ளன. காலப்போக்கில் கால்வாய்கள் தூர்ந்தன, ஏரிகளில் வண்டல் சேர்ந்தது, கிணறுகள் வற்றின. உழவர்கள் ஆழ்துளைக் கிணறுகளை நாடினர். அவை 1,000 அடியையும், சில இடங்களில் 1,500 அடியையும் எட்டின. ஆழத்திலிருந்து வந்த நீரில் ஃபுளோரைடு கலந்திருந்தது.

இதில் பொருளாதார நோக்கில் கருதத்தக்க ஒன்று உண்டு. நிலத்தடி நீர் தாழ்ந்துகொண்டே போகும் இடத்தில், ஆழமாகத் துளையிடும் வசதி உள்ளவருக்கே நீர் கிடைக்கிறது. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் கடன் வாங்கித் துளையிடுகிறார். நீர் கிடைக்காவிடில் கடன் மட்டும் எஞ்சுகிறது. கிடைத்தாலும், அண்டை நிலத்தில் இன்னும் ஆழமான கிணறு தோண்டப்பட்டால் அவருடைய கிணறு வற்றிவிடுகிறது. இத்தகைய போட்டியில் சிறு விவசாயி முதலில் தோற்கிறார். ஏரி நிரம்பி நீர்மட்டம் மேலே வருமானால், முதலில் பயன்பெறுபவரும் ஆழமற்ற கிணறு வைத்திருக்கும் அவரே.

திட்டம்

இந்தப் பின்னணியில் கர்நாடக அரசின் சிறு பாசனத் துறை, கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தை வகுத்தது. 2016-இல் பணிகள் தொடங்கின. நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் கழிவு நீரை இரண்டாம் நிலை வரை சுத்திகரித்து, கோலார் மாவட்டத்திலும் சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தின் சிந்தாமணி வட்டத்திலும் உள்ள 126 ஏரிகளை நிரப்புவது அதன் நோக்கம். மதிப்பீடு ஏறத்தாழ 1,300 கோடி ரூபாய். நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர் திறனுக்கு ஏறத்தாழ மூன்று கோடி ரூபாய் முதலீடு என்று இதைக் கொள்ளலாம்.

நீர் குழாய்களின் வழியே பம்பு செய்யப்பட்டு, ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள லட்சுமிசாகரா ஏரியில் விடப்படுகிறது. 2018 ஜூனில் முதன்முதலாக நீர் அங்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து பழைய ஏரித் தொடரின் கலிங்குகளும் கால்வாய்களுமே நீரைக் கொண்டு செல்லும் பணியில் பெரும்பகுதியைச் செய்கின்றன. முன்னோர் மழை நீருக்காக அமைத்த வழியில் நகரத்தின் நீர் செல்கிறது. திட்டத்தின் சிறப்பான அம்சம் இதுவே. புதிதாகக் கால்வாய் வெட்டியிருந்தால் நிலம் எடுக்கவே பல ஆண்டுகள் சென்றிருக்கும்.

இந்நீர் வயலுக்கு நேரே பாய்வதற்கு உரியது அன்று. ஏரியில் தேங்கி, மண்ணில் ஊறி, நிலத்தடி நீராக மாறிய பின்னர், கிணற்றின் வழியே பயிருக்குச் செல்ல வேண்டும் என்பதே ஏற்பாடு. ஏரியிலிருந்து மோட்டார் வைத்து நேரே இறைப்பது தடுக்கப்பட்டுள்ளது. இதைத் தொடர்ந்து, ஹெப்பாள்–நாகவாரா பள்ளத்தாக்கிலிருந்து நாளொன்றுக்கு 21 கோடி லிட்டர் நீரைப் பெங்களூரு நகர்ப்புறம், ஊரகம், சிக்கபள்ளாப்பூர் ஆகிய மாவட்டங்களின் 65 ஏரிகளுக்குக் கொண்டு செல்லும் திட்டமும் நிறைவேற்றப்பட்டது.

உறுதி என்னும் செல்வம்

44 கோடி லிட்டர் என்பது ஆண்டுக்கு 16 கோடி கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 5.6 ஆயிரம் மில்லியன் கன அடி ஆகும். இழப்பு ஏதும் இல்லை என்று கொண்டு, ஒரு ஹெக்டேர் புன்செய்ப் பயிருக்கு 5,000 கன மீட்டர் எனக் கணக்கிட்டால், 32,000 ஹெக்டேருக்கு ஒரு போகத்திற்கு அது போதுமானது. நடைமுறையில் ஆவியாதலும் கசிவும் உண்டு. தொடக்க ஆண்டுகளில் திட்டமிட்ட முழு அளவும் வந்து சேரவில்லை. ஆயினும் இந்நீரின் உண்மையான மதிப்பு அளவில் மட்டும் இல்லை.

மழை பொய்க்கலாம், ஆற்றில் வரத்துக் குறையலாம். நகரத்தின் கழிவு நீர் மட்டும் நாள் தவறாமல் வரும். வறட்சி ஆண்டிலும் மக்கள் குளிக்கவும் சமைக்கவும் செய்கின்றனர். இந்த உறுதியே விவசாயியின் முடிவுகளை மாற்றுகிறது. அடுத்த கோடையிலும் கிணற்றில் நீர் இருக்கும் என்று தெரிந்தால் அவர் கேழ்வரகோடு நின்றுவிடாமல் மல்பெரி நடுகிறார். தக்காளிக்குச் சொட்டு நீர்க் குழாய் அமைக்கிறார். ஒரு கறவை மாடு கூடுதலாக வாங்குகிறார். வங்கியும் கடன் தரத் தயங்குவதில்லை. இந்திய அறிவியல் கழகத்தினர் நடத்திய ஆய்வுகள், நீர் நிரப்பப்பட்ட ஏரிகளைச் சுற்றி நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருப்பதைக் காட்டின. வற்றிக் கிடந்த கிணறுகளில் நீர் ஊறியது. புதிய நீர் சேர்வதால் ஃபுளோரைடின் செறிவு குறையும் வாய்ப்பும் உண்டு.

ஆயின் உறுதி என்பது இருபுறமும் கூர்மை கொண்டது. நாள் தவறாமல் வரும் நீரில் தீங்கான பொருள் சிறிதளவு கலந்திருந்தாலும், அதுவும் நாள் தவறாமல் வந்து சேரும். மழை வெள்ளத்தில் ஒரு முறை வரும் மாசை அடுத்த மழை கழுவிவிடும். ஆண்டு முழுவதும், பத்தாண்டு, இருபதாண்டு வரும் மாசு மண்ணிலும் நிலத்தடியிலும் தங்கிச் சேரும். எனவே, அளவில் எவ்வளவு உறுதி உண்டோ அவ்வளவு உறுதி தரத்திலும் இருந்தாக வேண்டும். கழிவு நீர்ப் பாசனத்தின் அடிப்படை நிபந்தனை இதுவே.

2018-இன் எச்சரிக்கை

லட்சுமிசாகராவுக்கு நீர் வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. 2018 ஜூலையில் ஏரியில் வெண்ணுரை மிதந்தது. நீரை ஆரவாரத்துடன் வரவேற்ற கிராம மக்கள் அச்சங்கொண்டனர். நீர் அனுப்புவது நிறுத்தப்பட்டது. வழக்குத் தொடரப்பட்டு, கர்நாடக உயர் நீதிமன்றம் முதலில் தடை விதித்துப் பின்னர் அனுமதித்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சில மாதங்களில் அத்தடையும் விலகியது.

வழக்குத் தொடுத்தவர்களை வளர்ச்சியின் எதிரிகள் எனக் கருதுவது தவறு. அவர்கள் நீர் வேண்டாம் என்று கூறவில்லை. மூன்றாம் நிலை வரை சுத்திகரித்துத் தருமாறு கோரினர். நிலத்தடி நீரையே குடிக்கும் மாவட்டத்தில் அக்கோரிக்கை எழுந்ததில் வியப்பில்லை. ஒரு சில நாள் நுரை, பல ஆண்டு உழைப்பால் எழுப்பிய நம்பிக்கையைக் கரைத்துவிட்டது என்பதே நிர்வாகத்தினர் கொள்ள வேண்டிய பாடம்.

சுத்திகரிப்பு எதைச் செய்யும், எதைச் செய்யாது

முதல் நிலைச் சுத்திகரிப்பில் மணலும் மிதக்கும் பொருள்களும் படியும் திண்மங்களும் அகற்றப்படுகின்றன. இரண்டாம் நிலையில், காற்றூட்டப்பட்ட தொட்டிகளில் நுண்ணுயிர்கள் கரிமப் பொருளை உண்டு அழிக்கின்றன. இதனால் நாற்றம் நீங்கும்; நீர் தெளியும்; உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்னும் அளவு வெகுவாகக் குறையும். ஆலை செவ்வனே இயங்கினால் பாசனத்திற்கு இது பெருமளவு ஏற்றதே.

ஆனால், தழைச்சத்தும் மணிச்சத்தும் இதில் பெரும்பகுதி நீங்குவதில்லை. சுத்திகரித்த நீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் தழைச்சத்து எஞ்சுகிறது என்று ஓர் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 44 கோடி லிட்டரில் நாளொன்றுக்கு 8,800 கிலோகிராம் வரும். ஆண்டுக்கு 3,000 டன்னுக்கும் மேல். உர விலை உயர்ந்துள்ள காலத்தில் இது உழவருக்கு வரப்பிரசாதம். அதே 20 மில்லிகிராம் தழைச்சத்து முழுவதும் நைட்ரேட்டாக மாறிக் கிணற்றை அடைந்தால் லிட்டருக்கு 88 மில்லிகிராம் ஆகும். குடிநீரில் நைட்ரேட் 45 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஏரியிலும் மண்ணிலும் ஒரு பகுதி சிதைந்து போகும் என்பது உண்மை. எனினும், வயலில் உரமாக இருப்பது குடத்தில் கேடாக இருக்கக்கூடும் என்பதை இக்கணக்கு தெளிவாக்குகிறது. மணிச்சத்து மிகுந்தால் ஏரியில் ஆகாயத் தாமரையும் பாசியும் மண்டும்.

நோய்க் கிருமிகளும் குடற்புழுக்களின் முட்டைகளும் மற்றொரு கவலை. இதற்காக உலக சுகாதார நிறுவனம் 1989-இல் வகுத்த வழிகாட்டுதல், பச்சையாக உண்ணும் பயிர்களுக்குப் பாய்ச்சும் நீரில் லிட்டருக்கு ஒரு புழு முட்டைக்கு மேல் இருக்கலாகாது என்றது. 2006-இல் அது தன் அணுகுமுறையை விரிவாக்கியது. சுத்திகரிப்பு ஒன்றையே நம்பாமல், பயிர்த் தேர்வு, பாய்ச்சும் முறை, அறுவடைக்கு முன் பாய்ச்சலை நிறுத்துதல், காய்கறியைக் கழுவுதல், தொழிலாளர் பாதுகாப்பு எனப் பல தடுப்புகளை அடுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. கோலாருக்கு இது மிகவும் பொருந்தும். மல்பெரி, தீவனப் புல், மலர் ஆகியவற்றில் ஆபத்து குறைவு. கொம்பு நட்டுக் கட்டிச் சொட்டு நீரில் வளர்க்கும் தக்காளியில் நீர் காயைத் தொடுவதில்லை. கீரைக்கும் கேரட்டுக்கும் கூடுதல் கவனம் தேவை.

கன உலோகங்கள் வேறு வகை. நுண்ணுயிரால் அவற்றை அழிக்க முடியாது. மின்முலாம் பூசும் பட்டறையின் கழிவைச் சாக்கடையில் கலக்கவிட்டுப் பின்னர் பிரிப்பதைவிட, கலக்காமல் தடுப்பதே சிக்கனம். வீட்டுக் கழிவு வேறு, தொழிற்சாலைக் கழிவு வேறு என்ற பிரிவினை கடுமையாகக் காக்கப்படாவிடில் எத்தனை ஆலைகள் எழுப்பினாலும் பயன் இராது.

இஸ்ரேலும் கோலாரும்

கழிவு நீரில் ஏறத்தாழ 90 சதவீதத்தை வேளாண்மைக்குத் திருப்பும் இஸ்ரேல் நாடு இத்துறையில் முன்னோடி. டெல் அவீவ் வட்டாரத்தின் கழிவு நீரைச் சுத்திகரித்து, மணற் பாங்கான நிலத்தில் ஊறவிட்டு, பின்னர் கிணறுகளால் எடுத்து நெகேவ் பாலைநிலப் பயிர்களுக்கு அனுப்புகின்றனர். மண்ணையே வடிகட்டியாகக் கொள்ளும் இம்முறை கோலாரின் ஏற்பாட்டை ஒத்தது.

ஆயினும் இரு வேறுபாடுகளை மறக்கலாகாது. அங்கு நீர் இறங்குவது மணலில். கோலாரின் அடியில் இருப்பது கருங்கல் போன்ற கடும்பாறை. ஏரி வண்டலும் மேல் மண்ணும் வடிகட்டும். ஆனால் பாறைப் பிளவை நீர் அடைந்துவிட்டால் மெதுவாக ஊறாமல் விரைவாக ஓடக்கூடும். இரண்டாவதாக, அங்கு ஊறவிட்ட நீர் குடிநீர்க் கிணறுகளுடன் கலவாதவாறு, சுற்றிலும் அமைந்த கிணறுகளால் மீண்டும் எடுக்கப்படுகிறது. கோலாரில் அந்தப் பிரிவினை இல்லை. பயிருக்கும் குடத்திற்கும் ஒரே நிலத்தடி நீர். ஆகவே இங்குச் சோதனை இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஏரியை ஒட்டிய கிராமங்களுக்குத் தனிக் குடிநீர் ஏற்பாடும் வேண்டும்.

நீர் யாருக்கு உரியது?

நேற்று வரை யாரும் விரும்பாத நீருக்கு இன்று பலர் உரிமை கோருகின்றனர். 2024 கோடையில் பெங்களூரில் கடும் குடிநீர்த் தட்டுப்பாடு ஏற்பட்டது. நகரின் ஆழ்துளைக் கிணறுகளில் பாதியளவு வற்றின. கட்டடப் பணிக்கும் கார் கழுவுவதற்கும் குடிநீரைப் பயன்படுத்தத் தடை வந்தது. மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. நகரின் வற்றிய ஏரிகளைச் சுத்திகரித்த நீரால் நிரப்பக் குடிநீர் வாரியம் முற்பட்டது. ஜக்கூர் ஏரியில் இது முன்பே வெற்றி கண்ட முறை. சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வெளிவரும் நீர் நாணற் சதுப்பைக் கடந்து ஏரியை நிறைக்கிறது. விமான நிலையமும் தொழிற்சாலைகளும் இந்நீரை விலை கொடுத்து வாங்க முன்வருகின்றன.

விலை கொடுப்பவருக்கே நீர் என்றால் கோலார் விவசாயி பின்தங்குவார். ஒரு தொழிற்சாலை தரக்கூடிய விலையைக் கேழ்வரகு தர இயலாது. ஆனால் நீரை நம்பி மல்பெரி நட்டவரிடம், நகரத்திற்கு இப்போது தேவைப்படுகிறது என்று கூறி நிறுத்துவதும் முறையன்று. எனவே எவ்வளவு நீர், எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தத் தரத்தில் என்பது ஒப்பந்தமாக எழுதப்பட வேண்டும். தென்பெண்ணைப் படுகையிலிருந்து பாலாற்றுப் படுகைக்கு நீர் திருப்பப்படுவதால், கீழ்ப்பகுதியில் உள்ள உழவரின் நிலையும் கணக்கில் வர வேண்டும். கெலவரப்பள்ளிக்கு நுரை குறைந்து வருவது நன்மை. நீரே குறைந்து வருமானால் அது வேறு பிரச்சினை. பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரே கணக்கேட்டில் எழுதினால்தான் ஒருவரின் இலாபம் மற்றவரின் நட்டமாகாமல் காக்க முடியும்.

செலவை யார் ஏற்பது என்பதும் இதனோடு இணைந்ததே. அசுத்தம் செய்பவரே சுத்தம் செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்பது பொருளாதாரத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட நெறி. கோலாருக்கு நீர் அனுப்புவது நகரம் அளிக்கும் தானம் அன்று. தன் கழிவை எங்கேனும் விடவேண்டிய கடமை நகரத்திற்கு உண்டு. அதை ஏற்றுக்கொள்வதன் மூலம் கோலாரும் நகரத்திற்கு ஒரு சேவை செய்கிறது. எனவே மூன்றாம் நிலைச் சுத்திகரிப்புக்கான கூடுதல் செலவை நகரவாசியின் நீர்க் கட்டணத்திலும் அரசு நிதியிலும் சேர்ப்பது நியாயமே. குழாய் வழியே அனுப்புவதற்கு ஆகும் மின் செலவைக் கணக்கிடுவோர், தரத்தைக் காக்கும் செலவையும் அதே வரிசையில் எழுத வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, சோதனை முடிவுகள் வெளிப்படையாக இருக்க வேண்டும். ஆலையின் வாயிலிலும், முதல் ஏரியிலும், தொடரின் நடுவிலும் இறுதியிலும், குடிநீர்க் கிணறுகளிலும் குறித்த காலத்தில் நீர் சோதிக்கப்பட்டு, முடிவுகள் ஊராட்சி அலுவலகத்தின் கரும்பலகையில் கன்னடத்தில் எழுதப்பட வேண்டும். கோப்பில் உறங்கும் சோதனையால் உழவருக்குப் பயனில்லை.

இரண்டாவதாக, தரம் தவறினால் நீர் தானாக நிற்கும் ஏற்பாடு தேவை. நுரை ஏரியை அடைந்த பின்னர் நிறுத்துவது காலங்கடந்த செயல்.

மூன்றாவதாக, பழைய ஊர்ப் பணி ஒன்றுக்குப் புத்துயிர் தரலாம். ஏரி நீரை மடை திறந்து பங்கிட்டவர் கன்னட நாட்டில் நீருகண்டி எனப்பட்டார். தமிழ்நாட்டில் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்று அழைக்கப்பட்டார். அப்பொறுப்பை ஏற்கும் கிராம இளைஞருக்கோ மகளிர் குழுவுக்கோ எளிய சோதனைக் கருவியும் சிறு ஊதியமும் அளித்தால், நீரின் பங்கீட்டோடு அதன் தரத்தையும் அவர்கள் காப்பர். கடைக்கோடி ஏரிக்கு நீர் சேராமல் வழியில் மோட்டார் வைத்து இறைப்பதையும் அவர்களே முதலில் அறிவர்.

நான்காவதாக, வேளாண்மைத் துறை பயிர் ஆலோசனையையும் மண் பரிசோதனையையும் இத்திட்டத்தோடு இணைக்க வேண்டும். நீரில் வரும் தழைச்சத்தைக் கழித்து, அதற்கேற்ப யூரியாவைக் குறைக்குமாறு உழவருக்கு அறிவுறுத்தினால் பணமும் மிஞ்சும். நைட்ரேட் தொல்லையும் குறையும்.

நாட்டின் கணக்கு

இப்பாடம் கோலாரோடு நிற்பதன்று. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி, நாட்டின் நகர்ப்புறங்களில் நாளொன்றுக்கு 7,236 கோடி லிட்டர் கழிவு நீர் வெளியேறுகிறது. அமைக்கப்பட்ட ஆலைகளின் திறன் 3,184 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 2,023 கோடி லிட்டர், அதாவது நூற்றுக்கு 28. எஞ்சியது ஆற்றிலும் ஏரியிலும் கலந்து, கடைசியில் யாரோ ஒரு விவசாயியின் வாய்க்காலுக்கு வந்து சேர்கிறது. 2021 அக்டோபரில் தொடங்கிய அம்ருத் இரண்டாம் கட்டம், நகரங்களின் நீர்த் தேவையில் 20 சதவீதத்தை மறுபயன்பாட்டால் நிறைவு செய்வதை நோக்கமாகக் கொண்டது. பல மாநிலங்கள் மறுபயன்பாட்டுக் கொள்கைகளை வகுத்துள்ளன. வருங்காலத்தில் கோலார் போன்ற ஏற்பாடுகள் பெருகும் என்பதில் ஐயமில்லை.

அவ்வாறு பெருகும்போது எத்தனை ஏரிகள் நிரம்பின, எத்தனை கிலோமீட்டர் குழாய் பதிக்கப்பட்டது என்பவை மட்டுமே வெற்றியின் அளவுகோலாக இருத்தல் கூடாது. லட்சுமிசாகராவின் கரையில் வாழும் ஒரு குடும்பம், தன் கிணற்று நீரை வயலுக்கும் வீட்டுக்கும் தயக்கமின்றி இறைக்க முடிகிறதா என்பதையும் சேர்த்தே திட்டத்தை மதிப்பிட வேண்டும். நீரைக் கொண்டு சேர்ப்பதற்குப் பொறியாளரின் திறமை போதும். அந்நீரின் மேல் நம்பிக்கையைக் கொண்டு சேர்க்க, நாள்தோறும் தவறாத சோதனையும், அதை மறைக்காமல் கூறும் நிர்வாகமும், செலவை ஏற்க முன்வரும் நகரமும் தேவை. இம்மூன்றும் கூடினால், ஒரு நகரம் பயன்படுத்தி விட்ட நீர் ஒரு மாவட்டத்தின் நிலையான வாழ்வுக்கு அடித்தளமாக அமையும்.